பந்தியை எழுப்பிய என் வலது கை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷனில் நான் மூக்கைச் சொறிந்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். உடனே பந்தியில் இருபது பேர் பிரியாணியை விட்டு எழுந்துவிட்டார்கள். தயிர்ப் பச்சடி பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். மணப்பெண் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தயாராக நின்றாள்.

மேடையில் என் பக்கத்தில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த ஆல்பர்ட் அண்ணன் — எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் தலைவர் — வாசிப்பை நிறுத்தாமலே பல்லைக் கடித்தார்.

"கைய கீழ போடுடா, பாவி!"

போட்டேன். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பியை அவசரமாக ஒரு தட்டு தட்டினேன். தகரக் கூரை 'ம்ம்ம்' என்றது. அதைக் கேட்டதும் எல்லோரும் மூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். பச்சடி வாளி மறுபடி நகர்ந்தது.

ஒருவன் மூக்கைச் சொறிந்தால் ஒரு பந்தியே ஏன் எழுந்திருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அதில் முக்கால் பங்கு என் முட்டாள்தனம். மீதிக் கால் பங்கும் என்னுடையதுதான், ஆனால் அதற்கு வேறு பெயர்... அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் கோலார் தங்கவயல்காரன் என்பது தெரியும். கல்யாண வீட்டிலும் கிளப் டான்ஸிலும் வாத்தியம் வாசித்துப் பிழைக்கிறவன் என்பதும் தெரியும். பி.ஏ. படித்துவிட்டு ஏன் இந்த வேலை என்று மாதம் ஒருவராவது கடிதம் போடுகிறார். ஐயா, அதே கேள்வியை எங்கள் அம்மா தினமும் காலை காபியோடு சேர்த்துக் கொடுக்கிறாள். நீங்கள் வேறு தபால்தலையை வீணாக்க வேண்டாம்.

ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் நான் சேர்ந்தது பாஸ் கிட்டாரோடு அல்ல. மராக்காஸோடு.

மராக்காஸ் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடி வைத்த இரண்டு உருண்டை. உள்ளே விதை. ஆட்டினால் 'சிக் சிக்'. தொட்டிலில் கிடக்கிறவன் ஆட்டினால் அதற்குக் கிலுகிலுப்பை என்று பெயர். கோட்டு போட்டவன் ஆட்டினால் மராக்காஸ். மூன்று வருஷம் ஆட்டினேன். ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குப் பெரியப்பா ஒருவர் மேடைக்கே ஏறி வந்து, காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள இன்னா தம்பி, கொள்ளா?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் வலித்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். கனமான வாத்தியம் ஒன்று வேண்டும். யாரும் காதருகே வந்து கொள்ளா பயறா என்று கேட்காத வாத்தியம்.

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ரெஜி என்று ஓர் ஆங்கிலோ இந்தியர் இருந்தார். ஹோட்டல் பேண்டில் பாஸ் கிட்டார் வாசித்தவர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்தார். கட்டில், பீரோ, கோழிக்கூண்டு, பாஸ் கிட்டார் — எல்லாம் ஒரே வராந்தாவில் விற்பனைக்கு வரிசையாக நின்றன.

எடுத்துத் தோளில் மாட்டிப் பார்த்தேன். தோள் இறங்கிவிட்டது. கழுத்து அவ்வளவு நீளம். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலுதான். ஆனால் ஒவ்வொன்றும் நாலு கம்பியின் கனம். பாட்டு மேலே ஆடும், பாடும், அழும். இது அடியில் நின்று தாங்கும். சுரங்கத்தில் கூரை விழாமல் முட்டுக்கொடுத்து நிற்கிற மரம் மாதிரி.

ரெஜி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏய் மேன், ஒண்ணு சொல்றேன். நீ இதை வாசிக்கிறது யாருக்கும் கேக்காது. நிறுத்தினா மட்டும்தான் கேக்கும்."

அப்போது அது எனக்கு ஏதோ தத்துவம் மாதிரி பட்டது. மராக்காஸ் நிறுத்தினால்கூட யாருக்கும் கேட்காதே, அதைவிட இது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பேரம் சுலபமாக முடிந்தது. பெங்களூரில் படித்த காலத்திலிருந்து அங்கேயே அறையில் விட்டு வைத்திருந்த என் சைக்கிளை ரெஜியின் மச்சினன் எடுத்துக்கொண்டான்; பாஸ் கிட்டாரை நான் எடுத்துக்கொண்டேன். தெருமுனை வந்த பிறகுதான் உறைத்தது. இவ்வளவு கனமான கிட்டாரைத் தூக்கிப்போக ஒரு சைக்கிள் இருந்தால் நன்றாக இருக்கும்! அதைக் கொடுத்துத்தானே இதை வாங்கினேன்? தோளில் சுமந்துகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தேன். பி.ஏ. படித்தவன் மூளை.

பங்காரப்பேட்டையில் மாறி மாரிகுப்பம் வண்டியில் ஏறினால், எதிர் சீட்டுக்காரர் கம்பிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இன்னாபா, ரெண்டு கம்பி கொறயுது?"

"இதுக்கு நாலுதாங்க."

"அப்டின்னு அவன் சொன்னானா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "பாவம், படிச்ச புள்ள மாரி கீது. ஏமாத்திட்டான்."

வண்டி மாரிகுப்பம் போய்ச் சேரும்வரை அந்தப் பெட்டியே என்னை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டு வந்தது.

வாங்குவது ஒரு நாள் கஷ்டம். வைத்துக் காப்பாற்றுவதுதான் வாழ்நாள் கஷ்டம். பாஸ் கிட்டார் கம்பி எங்கள் பஜாரில் கிடைக்காது. பெங்களூரிலும் லேசில் கிடைக்காது. யாராவது கப்பலில் போய் வந்தால் உண்டு. கம்பியோ ஆறே மாதத்தில் வியர்வையும் அழுக்கும் ஏறிச் செத்துவிடும். தட்டினால் நனைந்த கோணிப்பையைத் தட்டுவது போல் 'தொப்' என்று கேட்கும். அதற்கு ரெஜி ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். கம்பியைக் கழற்றி, தண்ணீரில் போட்டு, வேக வைக்க வேண்டும். அழுக்கு இறங்கிவிடும். உயிர் வந்துவிடும்.

வேக வைத்தேன். அம்மா கோயிலிலிருந்து — எங்கள் வீட்டில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் சொல்வோம் — வந்து அடுப்பில் மூடியைத் திறந்தாள்.

"டேய் சீலா, இன்னாடா இது, கொளம்புக்கு வெச்ச சட்டில பாம்பு?"

"கம்பிம்மா. கால் மணி நேரம் கொதிச்சா போதும்."

"பி.ஏ. படிக்க வெச்சதுக்கு கம்பிய வேக வெக்கிறான். துன்றதுக்கு இன்னா, ஆணி பொரியலா?"

ஆனால் வைத்தியம் பலித்தது. கம்பி புதுசு மாதிரி பேசியது. ஒருமுறை வேக வைக்கலாம். இரண்டு முறையும் வைக்கலாம். என் தடித்த கம்பியை நான் ஐந்து முறை வேக வைத்தேன். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

அடுத்தது ஸ்பீக்கர். பாஸ் கிட்டாருக்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். சினிமா கொட்டகை ஒன்றில் கழித்துப் போட்ட ஸ்பீக்கர் கிடைத்தது. அதற்குப் பெட்டி செய்யச் சொன்னேன். பெட்டி எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஆழமாகச் சத்தம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தவன் படித்ததைச் செய்யாமல் விடுவானா? துணி பீரோ அளவுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. தங்கவயலில் மைசூர் மைன்ஸ் என்கிற பகுதியில்தான் எங்கள் வீடு; அதன் வாசல்படி வழியாகப் பெட்டி உள்ளே நுழையவில்லை. வெளியிலேயே கோணி போர்த்தி வைத்தோம். போகிறவர்கள் எல்லாம் வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று மெல்லிய குரலில் விசாரித்தார்கள்.

இனிதான் விஷயம்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலடியில், ஒரு மைலுக்கும் கீழே, ஆட்கள் வேலை செய்கிறார்கள். அங்கே சில சமயம் பாறை தானாக வெடித்துச் சரியும். ராக் பர்ஸ்ட். எங்கள் வீடுகளில் பர்ஸ்ட்டு. அது வந்தால் மேலே தரை ஓர் உறுமல் உறுமும்; வீட்டில் பாத்திரம் கிணுகிணுக்கும். வேலையில் வெடி வைக்கிற நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நேரத்தில் தரை முனகினால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். வேறு நேரத்தில் முனகினால் — அடுப்பில் இருப்பது அடுப்பில், தொட்டிலில் இருப்பது இடுப்பில் — பெண்கள் நேரே ஷாஃப்ட் கேட்டுக்கு, அதாவது சுரங்க வாசலுக்கு, ஓடுவார்கள். கூண்டில் தங்கள் ஆள் மேலே வருகிறானா என்று பார்க்க. யாரும் சொல்லித்தர வேண்டாம். காலுக்கே தெரியும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கையில் புது வாத்தியம் வந்தவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

எங்கள் ஊரின் இன்னொரு சுரங்கப் பகுதியான நந்திதுர்க்கில், ஷாஃப்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு தகரக் கூரை ஹால். மத்தியான ரிசப்ஷன். என் பாஸ் கிட்டார் அரங்கேற்றம். நிதானமான ஒரு வால்ட்ஸ் மெட்டு. நான் தடித்த கம்பியை ஆசை தீர ஒரு தட்டு தட்டினேன். பீரோ பெட்டி வாய் திறந்தது. கூரை 'ம்ம்ம்' என்று உறுமியது. மேஜையில் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

கண்ணை மூடி ரசித்துக்கொண்டே இன்னொரு தட்டு.

கண்ணைத் திறந்தால் ஹாலில் யாரும் இல்லை.

மாப்பிள்ளை மட்டும் மாலையோடு நின்றார். பிறகு அவரும் ஓடினார். ஆல்பர்ட் அண்ணன் பாட்டை நடுவில் நிறுத்துவதில்லை என்று விரதம் உள்ளவர்; காலி நாற்காலிகளுக்கு முழு வால்ட்ஸையும் வாசித்து முடித்தோம். என் வாசிப்பைத் தாங்க முடியாமல்தான் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு விதத்தில் சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

ஷாஃப்ட் கேட்டில் காவல்காரர் கன்னடக்காரர். பட்டுப்புடவையில் ஓடி வந்த கூட்டத்தைப் பார்த்துக் குழம்பிப்போய், "ஏனூ ஆகில்லம்மா, மனெகெ ஹோகி" என்று கையை விரித்தாராம். ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போங்கள். கூண்டு பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம்.

திரும்பி வந்த கூட்டத்தின் முன்னால் ரோஸி அக்கா. ஆல்பர்ட் அண்ணனின் தங்கை. அவள் புருஷன் தேவராஜ் நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன் — கூரைக்கு மரமுட்டு வைக்கிறவர். அன்றைக்கு அவர் ஷிஃப்ட்டில் இருந்தார். அக்காவின் ஒரு செருப்பு வழியில் போய்விட்டது. இன்னொன்று கையில் இருந்தது.

"எவன்டா அது, தரய உலுக்னவன்?"

நான் பீரோ பெட்டிக்குப் பின்னால் நின்றேன். அது அவ்வளவு பெரியதாக இருந்ததற்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

"வெளிய வாடா சீலா. ஒன்னியும் பண்ண மாட்டேன். மாமா உள்ள கீறாருன்னு தெரியுமில்ல ஒனக்கு? நெஞ்சு நின்னு பூட்ச்சுடா எனக்கு."

அவள் செருப்பால் அடித்திருந்தால் தேவலை. கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காலில் குத்தியிருந்த முள்ளை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஆல்பர்ட் அண்ணன் தீர்ப்பு சொன்னார். "இன்னும் ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு ஓடட்டும்... பெட்டிய அடுப்புக்குப் போட்டுட்டு நீ மறுபடி மராக்காஸ் எடு. கிறிஸ்மஸ் வரிக்கும் பாப்பேன்."

மறுபடி கொள்ளு!

அந்த மராக்காஸுக்குத் திரும்பாமல் இருக்க நான் என்னென்ன செய்தேன் தெரியுமா? சத்தத்தைக் குறைத்தேன் — எனக்கே கேட்கவில்லை. பெட்டிக்கு அடியில் மெத்தை போட்டேன். முன்னால் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். பாஸ் கிட்டார், ஜுரம் வந்தவன் போர்வைக்குள் முனகுவது மாதிரி கேட்டது. கடைசியில், படித்தவனாயிற்றே, ஒரு திட்டம் போட்டேன். கிட்டாரை அடக்குவதற்குப் பதிலாக ஊரைப் பழக்கினால் என்ன?

கைவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போனேன். ரோஸி அக்கா வீட்டு வாசலில் இறக்கி, அவள் வீட்டு மின்சாரத்திலேயே இணைத்து, "அக்கா, இப்ப வாசிக்கிறேன், இது எப்படி இருக்குன்னு பாருங்க" என்று தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி."

தட்டினேன். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன.

"அய்ய, இது வேறடா," என்றாள். "பர்ஸ்ட்டுன்னா சொவரு மொதல்ல ஆடும், பாத்திரம் அப்பறமா. உன்து பாத்திரம் மொதல்ல. சொவரு சும்மா கீது."

பௌதிகம் சொல்லித்தரப் போனவன் பாடம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் திட்டம் பலித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரில் கை வைத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு எந்த ரிசப்ஷனிலும் முதல் பாட்டுக்கு முன்னால் ஆல்பர்ட் அண்ணன் மைக்கில், "இப்ப வர்றது கிட்டாருங்கோ, ஷாஃப்ட் இல்லீங்கோ" என்பார். நான் தடித்த கம்பியை மூன்று தட்டு தட்டுவேன். கூரை மூன்று முறை உறுமும். ஹால் முழுக்க, "கிட்டாரு!" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடரும். நாளடைவில் உறுமல் கேட்டாலே சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரும் ஓடவில்லை. நடக்கக்கூட இல்லை.

நான் எப்படித் தலைகால் புரியாமல் திரிந்தேன் என்கிறீர்கள்! ஊரின் பயத்தையே போக்கிவிட்டவன் அல்லவா நான்? தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று கிட்டாரை மாட்டிப் பார்த்துக்கொள்வேன்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. அதே ஹால். அதே மத்தியான நேரம். ரோஸி அக்கா முன்வரிசையில், கையில் கேக்கு. தேவராஜ் மாமா ஷிஃப்ட்டில். மூன்று தட்டு தட்டியாயிற்று, 'கிட்டாரு!' சொல்லியாயிற்று. நாலாவது பாட்டு நடுவில், ஐந்து முறை வெந்த என் தடித்த கம்பி 'டங்' என்று அறுந்தது.

மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நான் அறுந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று, இனிமேல் கம்பிக்கு எந்தக் கப்பலைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முதுகில் சுவர் ஆடியது.

பிறகு கூரை உறுமியது. பிறகு தட்டுகள் கிணுகிணுத்தன.

ஹால் மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. "சீலன் ஆரம்பிச்சிட்டான்பா!" என்று பின்வரிசையில் யாரோ. ரோஸி அக்கா கேக்கை வாயில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள் — நல்லாத்தான் வாசிக்கிறே என்கிற மாதிரி.

அந்த ஹாலில் அது கிட்டார் இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது அந்தக் கால் பங்கைச் சொல்கிறேன். நான் உடனே சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் ஓடுவார்கள். ஓடினால் மராக்காஸ். வெறும் பிரமையாக இருந்தால்? லாரி ஏதாவது போயிருந்தால்?... பாட்டில் நாலு எண்ணிக்கை போகிற நேரம் — ஒன்று, இரண்டு, மூன்று, நாலு — அறுந்த கம்பியோடு அப்படியே நின்றேன். அறிவிருக்கிறவன் எண்ணவே மாட்டான்.

பிறகு வலது கையை உயரத் தூக்கினேன். விரலில் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா! நான் இல்லக்கா! கம்பி அந்து பூட்ச்சு... நான் வாசிக்கவே இல்ல!"

ரோஸி அக்காவின் முகத்தை நான் எழுதப் போவதில்லை. கேக்குத் தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் ஹால் காலி. பாட்டை நடுவில் நிறுத்தாத ஆல்பர்ட் அண்ணன் நடுவில் நிறுத்தினார். அக்கார்டியன் தரையில் கிடந்து தானாக மூச்சு விட்டது. நானும் ஓடினேன், கிட்டாரைக் கழற்ற மறந்து. ஒயர் இழுத்து, பீரோ பெட்டி எனக்குப் பின்னால் தடால் என்று சாய்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த முறை காவல்காரர் யாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

காத்திருந்தோம். கூண்டை இழுக்கிற சக்கரம் சுற்றுகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே நின்றோம், அவ்வளவுதான். முதல் கூண்டு வந்தது. அதில் மாமா இல்லை. இரண்டாவது வந்தது. ஒருவர் கை ஒடிந்து, இன்னொருவர் தலையில் துணி கட்டி. மாமா இல்லை. ரோஸி அக்கா ஆல்பர்ட் அண்ணன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

மூன்றாவது கூண்டில் தலை முதல் கால் வரை தூசியாக ஓர் ஆள் இறங்கினார். கண் மட்டும் தெரிந்தது. பட்டுப்புடவைக் கூட்டத்தைப் பார்த்தார். மாலையோடு நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தார். கிட்டாரோடு நிற்கிற என்னைப் பார்த்தார்.

"இன்னாங்கடா," என்றார் தேவராஜ் மாமா, "பேண்டு வாத்தியத்தோட வந்துக்கிறீங்க?"

ரோஸி அக்கா அவர் தோளில் நாலு அடி வைத்தாள். தூசி பறந்தது. அப்புறம்தான் அழுதாள்.

அன்றைக்கு எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். எல்லா நாளும் அப்படி வருவதில்லை என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஹாலுக்குத் திரும்பியதும் நானே மராக்காஸைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆல்பர்ட் அண்ணனிடம் காட்டினேன். "அண்ணா, ஒரு ஆளு இல்ல, எல்லாரும் ஓடிட்டாங்க. நீங்க சொன்ன பேச்சு..."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீ வாசிச்சு ஓடுனா மராக்காஸுன்னு சொன்னேன். வாசிக்காததுக்குத்தானே ஓடுனாங்க? உள்ள வெய்யிடா அத."

ரோஸி அக்கா மட்டும் சும்மா விடவில்லை. மாமாவை வீட்டுக்கு அழைத்துப் போகிற வழியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன்டா சீலா, சொவரு ஆடினது ஒனக்கு ஒடனே தெரிஞ்சிச்சில்ல?"

"தெரிஞ்சிச்சுக்கா."

"அப்பறம் கையத் தூக்க இன்னா அவ்ளோ நேரம்?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள். தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி வுடு," என்றாள் பிறகு. "இனிமே ஒண்ணு செய். நீ வாசிச்சுக்கினு கீறப்போ அந்தக் கை கிட்டார வுட்டு எழும்பக் கூடாது. பாட்டு நடுவுல வாசிக்கலன்னா கை மேல இர்க்கணும். ஒடனே. நாங்க உன் மூஞ்சியப் பாக்க மாட்டோம், கையத்தான் பாப்போம். புரிதா?"

அதுதான் சட்டம். நந்திதுர்க் முழுக்க அமலில் இருக்கிறது. மைசூர் மைன்ஸுக்கும் பரவிவிட்டது. பீரோ பெட்டியை ஆணி அடித்து நிமிர்த்தியாயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் மூலமாகப் புதுக் கம்பியும் வந்துவிட்டது. அதுவரை, "ஷாஃப்ட் ரோப்புல ஒரு இழை உருவிக்கயேன்பா" என்று யோசனை சொன்னவர்கள் ஒன்பது பேர். இப்போது இரண்டு முறைக்கு மேல் வேக வைப்பதில்லை; அம்மா அதற்கென்று தனிச் சட்டி ஒதுக்கிவிட்டாள்.

ரெஜி ஆஸ்திரேலியாவில் எங்கே இருக்கிறாரோ. கண்டால் சொல்ல வேண்டும். மேன், நீ சொன்னது சரி. நிறுத்தினால்தான் கேட்கும். ஆனால் எந்த ஊர் பாஸ் கிட்டார்க்காரனை இப்படி ஒரு ஹாலே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது? பாடுகிறவளை யாரும் பார்ப்பதில்லை. ஆல்பர்ட் அண்ணனை யாரும் பார்ப்பதில்லை. முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை, சாப்பிட்டுக்கொண்டே, ஓரக்கண்ணால், என் வலது கை!

இந்தப் பெருமையில்தான் போன ஞாயிறு மறந்துபோய் மூக்கைச் சொறிந்தேன்.

ரிசப்ஷன் முடிந்ததும் ரோஸி அக்கா மேடைப் பக்கம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"ஒடனே தூக்கினேடா இந்த வாட்டி," என்றாள். "மூக்குக்குன்னா மட்டும்."

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். இப்போதெல்லாம் மேடையில் மூக்கு அரித்தால் நாலு எண்ணுகிறேன். பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

மூக்குக்கு மட்டும்தான் எண்ணுகிறேன்.